வேஸ்ட் துணி

பழந்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் ஞானசௌந்தரியின் மெஷினில் பஞ்சைத் தோண்டி எடுத்து, எண்ணெய் விட்டான் மெக்கானிக் டேனியல்.

"வேஸ்ட் துணி குடுங்கக்கா. எண்ணெய் போற வரைக்கும் ஓட்டணும்."

துண்டுத்துணிக் கூடையில் அவனே ஒன்றை எடுத்தான்.

"அது எங்க வீட்டுக்காரரு கடைசியா போட்ட டூட்டிச் சட்டை."

இன்னொன்று.

"மக எஸ்தர் கல்யாணத்துக்கு முந்தி கட்டுன தாவணி."

மூன்றாவது, கைக்குழந்தையின் சட்டைத் துண்டு. அவள் அதை வாங்கி, மடித்து, கூடைக்குள் வைத்தாள்.

"இவ்வளவு துணியில ஒரு வேஸ்ட்டுகூட இல்லையாக்கா?"

அவள் மெஷின் முன் உட்கார்ந்தாள். உடுத்தியிருந்த சேலையின் முந்தானையை ஊசிக்கடியில் வைத்து மிதிக்கத் தொடங்கினாள். தையல் நெடுக எண்ணெய் புள்ளி புள்ளியாக ஊறியது.

"ஐயோ, நல்ல சேலைக்கா!"

"ஓடட்டும். கூடையில என்னோடதுதான் இன்னும் சேரல."