தப்பாத குண்டு

டெக்சஸில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஹாலிஸ், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் துப்பாக்கியையே திரும்பத் திரும்ப எடுத்து நீட்டினார்.

வந்தவன் சிரித்தான். "பெரியவரே, காட்டுப்பன்னி கூட்டமா வரும். இதை இழுத்துக்கிட்டு நின்னா அதுங்க ஊரைத் தாண்டிடும். விசையை அமுக்க அமுக்கச் சுடுமே, அந்த செமி ஆட்டோமேட்டிக்கைக் காட்டுங்க."

"இழுக்குற நேரத்துல ஒரு தடவை பார்த்துக்கலாம், தம்பி."

"அப்போ சுவத்துல தூசி படிஞ்சு தொங்குதே, அது?"

"என்னோடது. விக்கிறதில்ல. ஒரே வேட்டைதான். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அஞ்சு குண்டு, ஒண்ணுகூடத் தப்பல."

"அடேங்கப்பா! அஞ்சு பன்னியா?"

ஹாலிஸ் சுவர்ப்பக்கம் திரும்பவேயில்லை.

"பன்னி நாலுதான். அஞ்சாவது, அதுங்களைப் புதர்லேர்ந்து விரட்டிக்கிட்டுப் பின்னாலயே ஓடிவந்த என் மகன்."