திருப்தி என்ற சொல்

கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் மின்விசிறிக் காற்றுக்கு ஆண்டறிக்கையின் அச்சுப்படி படபடக்கிறது. 'எமது உள்ளகக் கட்டுப்பாடுகள் திருப்தியாக இயங்குகின்றன' என்ற வரியின் கீழ் உள்ளகக் கணக்காய்வாளர் அருந்ததி கையெழுத்திட வேண்டும். களஞ்சியப் பூட்டின் திறப்பும் பதிவேடும் ஒரே ஆளிடம் இருப்பதும், அதனால் பொருள் குறைந்தாலும் வெளியே தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். "சைன் பண்ணுங்கோ பிள்ளை," என்கிறார் முகாமையாளர் வரதராசா. பொலிஸில் பதியாத தமிழரைக் கொழும்பில் ஆமி பிடித்துப்போகும் காலம்; தான் தங்கியிருக்கும் வெள்ளவத்தையில் பொலிஸில் பதிய அவள் கேட்டிருந்த கம்பனிக் கடிதத்தை அவர் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார். கீழே தெருவில் ஆமி ட்ரக் ஒன்று வந்து நிற்கும் சத்தம். "பங்கு வாங்கின சனம் இதைத்தானே நம்பும், சேர்?" கேட்டபடி அவள் பேனையை எடுக்கிறாள். 'திருப்தியாக' என்பதை வெட்டி, களஞ்சியக் கட்டுப்பாட்டின் குறையை எழுதிக் கையெழுத்திடுகிறாள். வரதராசா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். அடையாள அட்டையை மட்டும் இறுகப் பிடித்தபடி ட்ரக் நிற்கும் தெருவுக்கு அவள் படியிறங்குகிறாள்.