ஒரு குரல் குறையுதே

"இப்பப் போ. பிரார்த்தனை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றான் அண்ணன், வாசலை மறித்துக்கொண்டு, காதோடு காதாக.

"யாருடா அங்க?" உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"யாருமில்லப்பா."

அவள் அண்ணனின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். சின்ன வயதில் பழகிய வழிதான். அப்பா இருக்கும்போது அவனால் சத்தம் போட முடியாது என்பதும் பழைய சங்கதிதான்.

அண்ணி பதறி வந்து அவள் கையைப் பிடித்தாள். "தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதே. நீ வந்தது தெரிஞ்சா மாமா உசிரே போயிடும்."

அவள் தலையாட்டினாள். இவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்தது வாயைத் திறக்க அல்ல, காதைத் திறக்கத்தான்.

அதே கூடம். மூலையில் அதே மாதிரி தானிய மூட்டைகள். அப்பா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பார்வை அடியோடு போய்விட்டது என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அவள் கிளம்பி வந்தாள். ஓசைப்படாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் முகமோ மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தது.

அந்த வீட்டில் சாப்பாடு தப்பினாலும் சாயங்காலப் பிரார்த்தனை தப்பாது. அப்பா ஒவ்வொரு பேராகச் சொல்லுவார். உயிரோடு இருப்பவர்களுக்கு எல்லோரும் சேர்ந்து "காத்தருளும்" என்று சொல்ல வேண்டும். பிறகு போனவர்கள். அவர்களுக்கு "சேர்த்தருளும்".

சின்ன வயதில் அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அம்மா மடியில் சுருண்டு கிடப்பாள். ஆனாலும் பிள்ளைகளில் கடைசியாக "பொடிசு" என்று தன் முறை வரும்போது சொல்லிவைத்தாற்போல் முழிப்பு வந்துவிடும். அந்தப் பேரை மட்டும் அப்பா குரலை இறக்கிச் சொல்லுவார், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல.

அண்ணன் பிரார்த்தனையில் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைக் கிள்ளுவான், பொடிசுக்குப் பழிப்புக் காட்டுவான். சிரிப்பை அடக்குவதில் அவள் "காத்தருளும்" சொல்ல மறந்துபோவாள்.

"ஒரு குரல் குறையுதே" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. அவ்வளவுதான், கூரை அதிர எல்லோரும் இன்னொரு தரம் சொல்லுவார்கள்.

கறுப்பிப் பசுவுக்கும் அதில் இடம் உண்டு. அது செத்த அன்று, "இனிமே அது எந்தப் பக்கம்பா?" என்று அவள் தேம்பித் தேம்பிக் கேட்டாள். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு அடுத்த இடத்தைக் கொடுத்தார். தாத்தாவும் மாடும் அடுத்தடுத்து வந்ததும் அம்மாவுக்கே தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த வீட்டை நினைத்தால் அவளுக்கு முதலில் காதில் விழுவது அந்தச் சிரிப்புதான்.

பிடித்தவனோடு அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு அண்ணன் ஆள் மூலம் சொல்லியனுப்பினான்: அப்பா உன்னைத் தலைமுழுகிவிட்டார், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே. அவள் நம்பினாள். நம்பினாலும் நப்பாசை விடவில்லை. ஒருவேளை இந்தப் பிரார்த்தனையில் மட்டும் தன்னை ஒதுக்காமல் வைத்திருப்பாரோ? அதைக் கேட்டுவிட்டால் போதும், திரும்பிப் போய்விடலாம்.

"பெரியவன்" என்று ஆரம்பித்தார் அப்பா. குரல் கரகரத்துப் போயிருந்தது.

"காத்தருளும்."

மருமகள் பேர் வந்தது. அக்கா பேர் வந்தது. அக்காவுக்கு அடுத்து அவள்தான்.

அப்பா மூச்சு வாங்கினார்.

"பேரப்பிள்ளைங்க."

"காத்தருளும்."

அப்புறம் எருமை. எருமையின் கன்று.

எருமைக்குக் கிடைத்த இடம்கூடத் தனக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்ததற்கு அவர் குரலையாவது கேட்டாயிற்று. முடிந்ததும் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டியதுதான்.

அப்பா போனவர்களுக்கு வந்தார். தாத்தா. கறுப்பி; அதைக்கூட மறக்கவில்லை மனிதர். அம்மா. அம்மாவுக்கு அவளும் உதடசைத்தாள், சத்தம் வராமல்.

அம்மாவோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். அப்பா முடிக்கவில்லை. குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"முன்னபின்ன தெரியாத ஊர்ல, காய்ச்சல்ல, தனியாப் போய்ச் சேந்த என் பொடிசு... கடைசியா ஒரு தடவை அது முகத்தைத் தடவிப் பாக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையே, சாமி."

"சேர்த்தருளும்" என்றார்கள் எல்லோரும். பழக்கதோஷம், அவள் வாயும் கூடவே சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் அது யாருக்கு என்று உறைத்தது.

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"ஒரு குரல் கூடுதே" என்றார்.

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.