உருளும் எலுமிச்சம்பழம்

தியாகதுருகம் நெல் குடோனில் கூரைத் தகரத்துக்கடியில், கத்திரி போல விரிந்து இருபதடி உயரத்தில் நிற்கிறது சிசர் லிப்ட். சிமென்ட் பெயர்ந்த பள்ளத்தில் அதன் ஒரு சக்கரம் இறங்கியிருக்கிறது. சாய்ந்தால் கத்தும் அலாரத்தின் ஒயரை மேஸ்திரி சின்னதுரை காலையிலேயே பிடுங்கிவிட்டார். இறக்குகிற சாவியும் அவர் சட்டைப்பையில்தான். "சாயுது மேஸ்திரி, எறக்குங்க," என்று லிப்டின் மேல்தட்டிலிருந்து கத்துகிறான் வெல்டர் இன்னாசி. "பூச போட்ட வண்டிடா. மூடிக்கினு வேலயப் பாரு." பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழம் இன்னாசியின் காலடியிலிருந்து கம்பிவலைத் தட்டின் மூலைக்கு உருள்கிறது. எடுத்து நடுவில் வைக்கிறான். மறுபடியும் அதே மூலைக்கே போகிறது. "ஒயரப் புடுங்கிட்ட. இத்த இன்னா பண்ணுவ?" சின்னதுரை நிமிர்ந்து பழத்தைப் பார்க்கிறார். பிறகு சாவியோடு லிப்டை விட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொள்கிறார்.