ஓரத்தில் எழுதியது

'மழை பெய்தது.'

தாளின் ஓரத்தில், பென்சிலில், அவ்வளவுதான்.

அவள் மூன்றாவது தடவையும் வாசித்தாள். விளங்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்தது ஓர் உரையைப் பற்றிய கட்டுரை. வானிலை அறிக்கை அல்ல.

போர்க்காலத்து உரை. அவள் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பையன்களைப் போருக்கு அழைத்து ஒருவர் பேசியது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய பிரசுரத்தில் முழுவதும் அச்சாகியிருந்தது. பேச்சு முடிந்ததும் அறுபத்தொரு பேர் எழுந்து அவருக்குப் பின்னால் போனார்கள் என்று அடிக்குறிப்பு சொன்னது.

ஒரு பேச்சு எப்படி ஆட்களை எழுப்புகிறது? அதுதான் அவளுடைய தலைப்பு.

ஊண் உறக்கம் பாராமல் எழுதினாள். எங்கே ஒரே சொல் மூன்று முறை வருகிறது, எங்கே கேள்வியைப் போட்டுவிட்டு மௌனமாகிறார், எல்லாவற்றுக்கும் அட்டவணை. அச்சில் அடைப்புக்குறிக்குள் 'கரவொலி' என்று வந்த இடங்களைக்கூட விடவில்லை.

இதற்கு 'பி' கிடைத்தால் சிறப்புக் கற்கைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் மூன்றாம் வருடத்தோடு மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

'பி'யோ வேறு புள்ளியோ போட்டிருக்கவில்லை. 'திருத்தித் தரவும்' என்று எழுதி, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி.

விரிவுரையாளர் குணநாயகம் ஓரத்தில் எழுதுகிற ஆளே இல்லை. ஒரு 'சரி'. மிஞ்சினால் ஒரு கேள்விக்குறி. அவரிடம் ஒரு முழு வசனம் வாங்குவது கல்லில் நார் உரிப்பது என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் ஊர்ந்திருந்தது.

'குரலின் ஏற்ற இறக்கம் கூட்டத்தைக் கட்டிப்போட்டது' என்று அவள் எழுதிய இடத்தில்: 'ஜெனரேற்றர் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடியது.'

மூன்று முறை வந்த சொல்லுக்குப் பக்கத்தில்: 'இரண்டாவது முறைக்கு மைக் இல்லை.'

கரவொலிக்கு நேரே: 'முன்வரிசை தட்டியது. அதைப் பார்த்து நாங்களும் தட்டினோம்.'

இது எந்தக் கோட்பாடு?

அறைத்தோழி மதுராங்கி, குணநாயகம் சேருக்கு மேற்கோள் போதவில்லை, இங்கிலீஷ் புத்தகம் இரண்டைச் சேர்த்துக்கொள் என்றாள். இன்னொருத்தி, அவருக்கு இந்த உரையே பிடிக்கவில்லை, வேறொன்றை எடு என்றாள். ஆளுக்கொரு வைத்தியம். அவள் இரண்டையும் மாறிமாறி நம்பினாள். இருந்த கொஞ்சத் தெளிவும் போய்விட்டது.

கடைசிப் பக்கம்தான் மோசம். 'ஆக, இந்த உரையே அவர்களை எழுப்பியது' என்று முடித்திருந்தாள். அதை அவர் வெட்டவில்லை. கீழே கோடு போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சொல்.

'எப்படி?'

எப்படி என்றுதானே ஒன்பது பக்கம் எழுதினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்தச் சூட்டோடு அவருடைய அறைக்குப் போனாள்.

அவர் மதியச் சாப்பாடு முடித்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் விளங்கேல்லை சேர். நான் என்னத்தைத் திருத்திறது?"

கட்டுரையை வாங்கிப் புரட்டினார். கரவொலிப் பக்கத்தில் நின்றார். பிறகு, வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த உரை நடந்தது அவர் படித்த பள்ளிக்கூடத்தில். அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்பு, மைதானத்தில் கடைசி வரிசை. பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை. ஜெனரேற்றர் இருமி இருமி நின்றது. அதற்குப் பிறகு பேசியவரின் வாய் தெரிந்தது, குரல் வரவில்லை. சந்தையில் குண்டு விழுந்ததைச் சொல்கிறார் என்றான் ஒருவன். இல்லை, பரீட்சையைப் பற்றி என்றான் மற்றவன். நனையாமல் இருக்க குணநாயகமும் அவருடைய தம்பியும் ஓர் உரப்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். ஆளுக்கொரு முனை.

அவர் கட்டுரையை மேசையில் வைத்தார்.

"தம்பிக்கும் ஒரு சொல் கேக்கேல்லை. பையை என்ர கையில தந்திட்டு எழும்பிப் போயிட்டான்."

திரும்பி வந்தானா என்று அவள் கேட்கவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே பதில் இருந்தது.

அட்டவணைகளை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும். வாயில் வந்தது வேறு.

"கேக்காமல், பிறகு என்னத்துக்கு, சேர், உங்கட தம்பி போனவர்?"

கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கி அவளிடம் நீட்டினார்.

"எப்ப தருவீர்?"

தேதி அவரே போட்டது. இரண்டு வாரம் இருக்கிறது என்று சொன்னாள்.

தலையாட்டினார். அவள் கதவுவரை போய்விட்டாள்.

"பிள்ளை."

திரும்பினாள்.

"அதுக்கு முந்தி, கொஞ்சம் வெள்ளனத் தர ஏலுமே?"