ஏரிச் சட்டத்தில் ஒரு திருத்தம்

அந்த ஏரியில் மழைக்கு மழை தேர்தல் வைத்துத்தான் தலைவரை எடுப்பார்கள். யானை தலைவரானதிலிருந்து, கொளுத்துகிற கோடையிலும் சின்ன உயிர்களுக்கே முதல் தண்ணீர். ஆமைக்கு மனசு குளிர்ந்துபோனது.

"இவரை விட்டால் நமக்கு யார்? ஒருமுறை ஜெயித்தவர் சாகும்வரை தலைவர் என்று சட்டத்தைத் திருத்திவிடுவோம்" என்று பொந்து பொந்தாக ஊர்ந்துபோய் ஆள் சேர்த்ததே ஆமைதான்.

"எனக்கு அப்புறம்?" என்று கேட்டது யானை.

"அதை அப்போ பார்த்துக்கலாம், ஐயா."

திருத்தம் நிறைவேறியது. பின்னொரு நாள் யானை செத்தது. காட்டுப்பன்றி இனிக்க இனிக்கப் பேசித் தேர்தலில் ஜெயித்தது. ஜெயித்த கையோடு கரை முழுவதையும் தன் கூட்டத்துக்கென்று வளைத்துக்கொண்டது.

அடுத்த மழையும் வந்து போனது. வறண்ட நாக்கோடு ஆமை போய் நின்றது. "தேர்தல் எப்போங்க?"

பன்றி சேற்றிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"சட்டத்துல ஒரு எழுத்தைக்கூட நான் தொடலையே, ஆமையக்கா. எல்லாம் நீங்க திருத்தினதுதானே?"