டீச்சரின் மேசை

"கிட்ட வராதீங்க. குளிச்சு லேப் உடுப்பு மாட்டியாச்சு."

வாசலில் கேமரா பையோடு நின்ற கணவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "சரி டீச்சர். டை நேரா இருக்கான்னு அங்கேயிருந்தே பார்த்துச் சொல்லு."

"கொஞ்சம் இடது பக்கம். என் இடது இல்ல, உங்க இடது."

"நாளைக்குக் காலைல பயிற்சிக் கல்லூரில நாற்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. அத்தனை பேரும் பட்டதாரிங்க. கல்யாண வீட்ல போட்டோ பிடிச்சவன் அவங்களுக்குப் பாடம் நடத்தப் போறேன். சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சதும் எங்கே நின்னு எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அதை எந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "வகுப்பு முடிஞ்சதும்தான் போன் பண்ணுவேன். அதுவரைக்கும், ரயில்லயும், பாடத்தை மனப்பாடம் பண்ணணும்." ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

இருவருக்கும் ஒரே தடயவியல் ஆய்வகத்தில்தான் வேலை. அவர் குற்றம் நடந்த இடங்களைப் படமெடுப்பவர். அவள் பதினான்கு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, நாற்பது வயதில் தேர்வெழுதி டி.என்.ஏ. பிரிவுக்கு வந்தவள். அங்கே எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

மறுநாள் பத்து மணிக்கு இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பல் டாக்டரும் அறையில் இருந்தார். சொந்த கிளினிக்கை மூடிவிட்டு, பற்களைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் வேலைக்கு வந்தவர்.

"நேத்து எரிஞ்ச பஸ்லேர்ந்து வந்த அஞ்சு உடல் மாதிரில நாலாவது கெட்டுப்போச்சு," என்றார் இயக்குநர். "உங்க மேசையில."

"எப்படி சார் சொல்றீங்க?"

"நான் சொல்லல. ஊழியர் பதிவேடு சொல்லுது."

அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.வும் அந்தப் பதிவேட்டில் உண்டு. யாராவது அசந்து மாதிரியின்மேல் தும்மிவிட்டால் போதும், பதிவேடு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னோடதா?"

"உங்க வீட்டுக்காரரோடது."

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரியமா வழியனுப்பிட்டு வந்திருக்காங்க சார். விடுங்க."

"விடறதுக்கில்ல. அந்த மனுஷன் டி.என்.ஏ. ரூம்ல கால் வச்சதே இல்ல. இவங்க உடுப்புலதான் வந்திருக்கணும். நாலாவது ஆளோட சொந்தக்காரங்க வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" இயக்குநர் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர். அதை அவரும் மறப்பதில்லை, மற்றவர்களையும் மறக்க விடுவதில்லை. "பள்ளிக்கூடத்துல தவளை அறுத்துக் காட்டினவங்களுக்கு இந்த மேசை வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா?"

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைலேர்ந்து உங்களுக்கு ஸ்டோர்ல வேலை."

அவள் பேனாவைத் தொடவில்லை.

"தவளை அறுத்தவதான் சார். முப்பது பிள்ளைங்க, முப்பது தட்டு, முப்பது கத்தி. ஒரு தட்டுல உள்ளது அடுத்த தட்டுக்குப் போகாம பதினாலு வருஷம் பார்த்துக்கிட்டவ. நேத்து அவர் என்னைத் தொடக்கூட இல்ல. நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன்."

"அப்போ இது எப்படி வந்துச்சு? பறந்தா வந்துச்சு?"

"அந்த நாலாவது மாதிரியோட டி.என்.ஏ. வரைபடத்தைக் கொடுங்க."

வாங்கி, மேசைமேல் விரித்தாள். கரும்பலகையில் காட்டுவதுபோல ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக்கொண்டே போனாள். குரலில் பழைய வகுப்பறை மிடுக்கு வந்திருந்தது.

"இங்கே பாருங்க சார். வெளியிலேர்ந்து ஏதாவது வந்து ஒட்டியிருந்தா ரெண்டு பேர் தெரியணும். செத்தவர் ஒருத்தர், ஒட்டினவர் ஒருத்தர். முதல் வருஷப் பாடம் இது. இதுல எங்கே ரெண்டு பேர்? முதல் கோட்டிலேர்ந்து கடைசிக் கோடு வரைக்கும் ஒரே ஆள். இவ்வளவு தெளிவா நம்ம லேப்ல எத்தனை தடவை வந்திருக்கு, சொல்லுங்க."

பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "டீச்சர் சொல்றது சரி சார். சுத்தமா இருக்கு."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதல் கோட்டிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினார்.

"நான் கெடுத்துட்டேன்னு வச்சுக்குவோம்," என்றாள் அவள். "அப்போ செத்தவரோடது எங்கே சார் போச்சு?"

மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. இயக்குநர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒலிபெருக்கியைத் தட்டினார். பயிற்சிக் கல்லூரி முதல்வர்.

"என்ன சார், உங்க போட்டோக்காரரை இன்னும் காணோம்? பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. ரயிலை விட்டுட்டேன், பஸ் ஏறிட்டேன்னு நேத்துக் காலைல போன் பண்ணினாரே."

இயக்குநர் எழுந்து நின்றார். அவள்முன் வைத்த தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகளில் டீச்சரின் மேசையில் ஒரு மாதிரியும் கெட்டதில்லை. அன்றும் கெடவில்லை.